சேவியர் மாஸ்டருக்காக நான் ஜெபித்த கதை

ஒருவரைத் திட்டுவதற்குப் பல வழிகள் இருக்கின்றன. அவற்றில் மிகவும் வசதியானது அவருக்காக ஜெபிப்பது. கண்ணை மூடிக்கொண்டு திட்டலாம். அவர் இடையில் மறுத்துப் பேச முடியாது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கடைசியில் ஆமென் சொல்லி ஆமோதிக்கவும் செய்வார்கள். இந்த வித்தையில் ஒரு காலத்தில் திருகோணமலையிலேயே நான்தான் முதல் ஆள் (போட்டிக்கு வேறு யாரும் இல்லை என்பது வேறு விஷயம்).

சில வருடங்களுக்கு முன் உள்ளூராட்சித் தேர்தல் வந்தது. எங்கள் திருச்சபையின் செயலாளரான என் தாய்மாமன், தேநீர் கொதிக்கவைக்கும் கேத்தல் சின்னத்தில் சுயேச்சையாக நின்றார். எதிரே குடைச் சின்னத்தில் நின்றவர் சேவியர் மாஸ்டர். கத்தோலிக்கப் பங்குச் சபையின் தலைவர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், ஏற்கெனவே உறுப்பினராக இருந்தவர். இருவருக்கும் ஒரே ஆண்டவர், ஒரே வட்டாரம், ஒரே உறுப்பினர் கதிரை. ஆண்டவரைப் பங்கிட்டுக்கொள்ளலாம். கதிரையைத்தான் ஏலாது.

முதல் கூட்டத்திலேயே எங்கள் போதகர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"எதிர்த்து நிக்கிற ஆளைப் பற்றி ஒரு கெட்ட சொல் வரப்படாது. அவரும் ஆண்டவரின்ர பிள்ளைதான். அவரைப் பற்றிக் கதைக்க வேணுமெண்டா ஆண்டவரோட கதையுங்கோ."

மற்றவர்கள் பணிவாகத் தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் ஒரு கதவு திறந்தது போலிருந்தது. அப்போது எனக்கு இருபதைத் தாண்டிய வயது. குரல் நல்ல குரல். மூளை அந்த அளவுக்கு இல்லை.

மறுநாள் ஓட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு மாமாவும் நானும் புறப்பட்டோம். சந்தியில் நிறுத்தி, கண்ணை மூடி, உருக்கமாகத் தொடங்கினேன்.

"ஆண்டவரே, எங்கள் அருமைச் சகோதரன் சேவியர் மாஸ்டருக்கு ஞாபகசக்தியைத் தாரும். போன முறை சொன்ன வடிகாலை அவர் மறந்துபோனார். சனங்கள் கூப்பிடும்போது அவருடைய செவிகளைத் திறந்தருளும்."

கடை வாசலில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "கொஞ்சம் கூடிப்போச்சுப் போல" என்று மாமா முனகினார். ஆனாலும் ஆமென் சொன்னார். வீட்டில் மாமிதான் ஏற்றுக்கொள்ளவில்லை.

"உதுக்குப் பேர் ஜெபமில்லை. கடவுளிட்டக் கோள் சொல்லுறது."

பிரசாரத்தின் கடைசி நாள், கரையோர வீடுகளுக்குக் கேட்க வேண்டுமென்று கடலிலிருந்து பேசத் தீர்மானித்தோம். கிண்ணியாவைச் சேர்ந்த ரஹீம் நானாவின் வள்ளத்தில் ஒலிபெருக்கி ஏறியது. துறைமுகத்தைப் பார்த்தே வளர்ந்தவன் நான். ஆனால் வள்ளத்தில் கால் வைத்தால் குடல் வாய்க்கு வந்துவிடும். மாமி வாந்தியை நிறுத்தும் குளிசைப் பெட்டியைக் கையில் தந்து, "ஒண்டு போதும்" என்றார். நான் மூன்றைப் போட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எனக்கு நீருக்கு அடியிலிருந்து பார்த்ததுபோலத்தான் ஞாபகம். அலையே இல்லை. உட்துறைமுகம் பச்சைக் கண்ணாடி விரித்ததுபோல் கிடந்தது. குன்றுகள் தலைகீழாக அதற்குள் இறங்கி நின்றன. தூரத்துக் கப்பல் ஒன்று தண்ணீரைத் தொடாமல் காற்றில் மிதந்தது. இஞ்சின் சத்தம் யாரோ தாலாட்டுவதுபோல் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. கரையில் புள்ளிமான்கள் வரிசையாக நின்று காது கொடுத்தன (அந்தப் பக்கத்தில் மானே இல்லை என்று மாமா இன்றும் சாதிக்கிறார்).

மைக்கைப் பிடித்தேன். கண்ணை மூடினேன்.

"ஆண்டவரே, எங்கள் சகோதரன் சேவியர் மாஸ்டருக்கு..."

அதற்குமேல் வழக்கமான சொற்கள் வரவில்லை. மனதுக்குள் மழை பெய்தது. நான் பள்ளிக்கூடச் சட்டையோடு ஒரு சைக்கிளின் முன்பாரில் இருந்தேன். அதையே சொன்னேன்.

"எனக்குக் கணக்கு ஓடாத காலத்தில அவர்தான் பின்னேரத்தில இருத்திவைச்சுச் சொல்லித்தந்தவர். மழையெண்டா சைக்கிளில ஏத்திக்கொண்டு வந்து வீட்டில விடுவார். நல்ல மனுசன், ஆண்டவரே. அவரை நல்லா வைச்சிரும்."

"தம்பி," என்று மாமா என் காதருகே பதறினார். "கேத்தல். கேத்தலைச் சொல்லு."

"ஓம் ஆண்டவரே, கேத்தலும் நல்லதுதான். ஆனா மழைக்குக் குடைதானே வேணும்."

ஒலிபெருக்கி அதைக் கரையெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. பிறகு நான் மைக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உறங்கிப்போனேன். என் குறட்டையையும் அது விட்டுவைக்கவில்லை. "தம்பி மைக்கை விடுறாரில்லை" என்று ரஹீம் நானா சிரிக்க, எந்தச் சுவிட்ச் எது என்று தெரியாத மாமா கடைசியில் வயரையே பிடுங்கி எறிந்தார்.

கண் விழித்தபோது கரையில் ஒரு மீனவர் வாடியின் நிழலில் கிடந்தேன். பக்கத்தில் மாமா. அவருக்குப் பக்கத்தில், கையில் பிளேன்டீயோடு சேவியர் மாஸ்டர். அவரும் அன்று அதே கரைக்கு வாக்குக் கேட்க வந்திருந்தாராம். உடனே கண்ணை மூடிக்கொண்டேன்.

மாமாவின் குரல் தாழ்ந்து கேட்டது. "மாஸ்டர், உவன்ர அந்தப் பழைய ஜெபங்களுக்கு நானும் ஆமென் சொன்னனான். என்னில பிழை."

"கேட்டனான். வடிகால் விசயத்தில பிழை என்னிலதான். இரவில படுத்தாலும் உந்தப் பெடியன்ர குரல்தான் காதுக்குள்ள."

"இண்டைக்குச் சொன்னது நாங்கள் சொல்லிக் குடுத்ததில்லை."

"அது தெரியும்" என்றார் மாஸ்டர். கோப்பையை என் தலைமாட்டில் வைக்கும் சத்தத்தோடு, "தேத்தண்ணி ஆறப்போகுது. எழும்பச் சொல்லுங்கோ. அவர் முழிச்சுத்தான் கிடக்கிறார்" என்றார்.

குடை வென்றது. அந்தக் கரையின் வாக்குகள் மொத்தமாகக் குடைக்கு விழுந்ததாகச் சொன்னார்கள். முடிவு வந்த கையோடு மாமா, போதகரையும் கூட்டிக்கொண்டு போய் மாஸ்டரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வந்தார். என்னோடு மட்டும் ஒரு கிழமை பேசவில்லை. வடிகால் வெட்டத் தொடங்கிய அன்று மாஸ்டர் மாமாவையும் பக்கத்தில் நிறுத்தினார். அதன் பிறகு பின்னேரங்களில் எங்கள் விறாந்தையில் இருவரும் அரசியல் பேசிச் சண்டை பிடிப்பார்கள். எந்த விஷயத்திலும் ஒத்துப்போனதில்லை, வருவதை நிறுத்தியதுமில்லை.

அடுத்த தேர்தலிலும் இருவரும் நின்றார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு மாமாவிடம் போனேன்.

"தம்பி, நீ மாஸ்டருக்குச் செய். அவர் உனக்குப் படிப்பிச்சவர்" என்றார்.

மாஸ்டரிடம் போனேன். "மருமோன் மாமாவோட நிக்கிறதுதான் மரியாதை" என்றார்.

எதிராளிக்கு இவ்வளவு விட்டுக்கொடுக்கும் வேட்பாளர்களைத் தான் கண்டதில்லை என்று போதகர் பிரசங்கத்திலேயே மெச்சினார். எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாராவது பழுதான மின்விசிறியையோ அழுகத் தொடங்கிய பப்பாசிப்பழத்தையோ அயலுக்குத் தாராளமாகத் தூக்கிக் கொடுத்தால், மாமி குசினியிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்பார்:

"என்ன, தம்பியைக் குடுத்த மாதிரிக் குடுக்கிறியளோ?"