டிராம் ஓட்டுநரின் கண்ணும் மணி அன்ரியின் வாயும்

அந்த எண்ணம் என் தலைக்குள் ஏறியது ரீவ்ஸ் கார்னரில். விம்பிள்டனிலிருந்து அதுவரை மரங்களுக்கும் கொல்லைப்புற வேலிகளுக்கும் நடுவே, ரயிலைப்போலத் தன்பாட்டுக்கு ஓடிவரும் டிராம், அந்த இடத்தில்தான் ஒரு வளைவு வளைந்து க்ராய்டன் கடைத்தெருவுக்குள் நுழையும். அன்று நான் ஓட்டுநர் அறைக்குப் பின்னாலிருக்கும் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றிருந்தேன். (வயது இருபத்து மூன்று. பொறியியல் முதுகலை மாணவன். மூக்கு கண்ணாடியில்.) ஓட்டுநரின் கை ஒரு கைப்பிடியை மெல்ல நகர்த்துகிறது. எதிரே கம்பத்தில் படுத்திருந்த வெள்ளைக் கோடு எழுந்து நிற்கிறது. டிராமுக்கு அதுதான் பச்சை விளக்கு. மணி அடிக்கிறது. பைகளோடு குறுக்கே நடந்த ஒருவர் அவசரமில்லாமல் ஒதுங்குகிறார். இத்தனையையும் முதல் நிறுத்தத்திலிருந்து கடைசி நிறுத்தம்வரை, ஒரு வெட்டுகூட இல்லாமல், ஓட்டுநர் பார்ப்பதுபோலவே படம் பிடித்தால் என்ன?

என்ன ஆகும் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2009. திருச்சியிலிருந்து படிக்க வந்த நான், மோர்டனில் ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பத்தின் மாடி அறையில் குடியிருந்தேன். வீட்டுக்காரர் குகன் அண்ணைக்கு வார நாட்களில் விமான நிலையத்தில் ஷிப்ட் வேலை. வார இறுதியில் கல்யாண வீடுகளுக்கு வீடியோ எடுப்பவர். மனைவி வசந்தி அக்கா, க்ராய்டனில் ஒரு கடையில் கல்லாவில் இருப்பவர். என் வகுப்பு நண்பர்கள் சனிக்கிழமைகளில் என்னென்னவோ செய்தார்கள். நான் டிராம் ஆர்வலர் சங்கத்துக்குப் போனேன். அங்கே எல்லோரும் என் அப்பாவைவிட மூத்த வெள்ளைக்காரர்கள். பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி சக்கரங்களின் தேய்மானம் பற்றிப் பேசுவார்கள். எனக்கு அது சொர்க்கம்.

அந்தச் சங்கத்தில் குளிர்காலத்துக்கு முன்பு ஒரு திரையிடல் உண்டு. ஓட்டுநர் பார்வையில், ஒரே ஓட்டமாக எடுத்த படங்கள் மட்டும். மோட்டாரின் உண்மையான ஒலி இருக்க வேண்டும். கண்ணாடியில் பிரதிபலிக்கும் மனித நிழல் தெரியக் கூடாது. எந்தப் படம் தேர்வாகிறதோ, அதை எடுத்தவர் ஒருமுறை ஓட்டுநர் அறைக்குள்ளேயே நின்று, முழுப் பாதையும் போகலாம். கதவுக்கு அந்தப் பக்கம்! எனக்குச் சோறு இறங்கவில்லை.

குகன் அண்ணையிடம் கேமராவைக் கேட்டேன்.

"டிராமையோ? பொம்பிளை மாப்பிள்ளை ஒருத்தரும் இல்லையோ?"

"இல்லண்ணே. தண்டவாளம் மட்டும்தான்."

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, கேமராவைத் தந்தார். வெளிநாட்டில் தனியாக இருக்கும் பிள்ளைகளுக்கு இப்படியெல்லாம் வரும் என்று அவர் எங்கோ கேள்விப்பட்டிருக்க வேண்டும்.

முதல் முயற்சியில் நான் ரோஸ் நிறச் சட்டை அணிந்திருந்தேன். (ஏன் என்று கேட்காதீர்கள், தள்ளுபடி.) விம்பிள்டனிலிருந்து எல்மர்ஸ் எண்ட் வரைக்கும் அந்தச் சட்டை தண்டவாளத்தின்மேல் ஆவிபோல மிதந்துகொண்டே வந்தது. இரண்டாம் முயற்சியில் கறுப்புச் சட்டை. ஆனால் முன்னிருக்கையில் ஒரு கிழவி நாயோடு உட்கார்ந்திருந்தாள். நாய்க்கும் என்னைப்போலவே பாதை பார்க்கும் ஆசை. கண்ணாடி முழுக்க அதன் மூச்சு.

கறுப்புத் துணியைத் தலையோடு சேர்த்துக் கண்ணாடிவரை கூடாரம் மாதிரி மூடினால் நிழல் விழாது என்று சங்கத்தில் ஒருவர் சொன்னார். குகன் அண்ணையிடம், கல்யாணப் படம் எடுக்கும்போது பின்னால் தொங்கவிடும் கறுப்புத் துணி இருந்தது. அதைத் தனியாகப் போர்த்துக்கொண்டு போகப்போகிறேன் என்றதும் வசந்தி அக்கா சமையலறையிலிருந்து வெளியே வந்தார்.

"தம்பி, உமக்கு விசர் கிசர் பிடிச்சிட்டுதோ? இந்த நிறத்தில ஒரு பெடியன், கறுப்புத் துணியால தலையை மூடிக்கொண்டு, கையில மெசினோட டிரைவருக்குப் பின்னால நிண்டா, அடுத்த நிறுத்தத்தில பொலிஸ்தான் ஏறும். நானும் வாறன். பக்கத்தில ஒரு பொம்பிளை நிண்டா ஒண்டும் சொல்லாயினம்."

"வாங்கக்கா. ஆனா நீங்க பேசக் கூடாது. ஒலியும் பதிவாகும்."

"நான் வாயே திறக்க மாட்டன்."

"யார் வந்தாலும்?"

"ஆர் வந்தாலும். சாமி கும்பிடுற மாதிரி நிப்பன்."

ஞாயிற்றுக்கிழமை. திரையிடலுக்கு முன்பிருந்த கடைசி ஞாயிறு. விம்பிள்டனில் ஓட்டுநரிடம் அனுமதி கேட்டேன். "கண்ணாடியைத் தட்டாதே, அது போதும்" என்றார். நான் கேமராவைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தேன். அக்கா பின்னால் நின்று, துணியின் இரண்டு மேல் மூலைகளையும் கண்ணாடியோடு அழுத்திப் பிடித்தார். வெளியிலிருந்து பார்த்தால் யாரிடமோ சரணடைந்தவர் மாதிரி இரண்டு கையும் மேலே. வண்டி கிளம்பியது. நிழல் இல்லை. மோட்டார் மட்டும் மெல்லிய குரலில் பாடியது. நான் ஓட்டுநராகவே ஆகிவிட்டேன்.

மிச்சாமில், அக்காவின் ஊர்த் தோழி மணி அன்ரி ஏறினார். (நம் ஆன்ட்டிதான் அவர்களுக்கு அன்ரி.)

எனக்கு அவர் முகம் தெரியாது, துணிக்குள் இருந்தேன். குரல்தான் முதலில் வந்தது.

"வசந்தி! நீ இதென்ன கோலம்?"

அக்கா பேசவில்லை. கையும் ஆட்ட முடியாது, துணி இருக்கிறது. கண்ணால் ஏதோ காட்டியிருப்பார் போலிருக்கிறது. கண்ணால் காட்டினால் நம் ஆட்கள் என்ன நினைப்பார்கள்? தெரிந்த ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பதில் வரவில்லையென்றால், காது கேட்கவில்லை என்று யாரும் நினைக்க மாட்டார்கள். கோபம். அதுவும் பழைய கோபம்.

"ஓ... கதைக்க மாட்டியோ? அப்ப கோவம்தான். எனக்கு அப்பவே தெரியும். சாமத்தியவீட்டுக்குச் சொல்லேல்லை எண்டுதானே?"

அன்ரியின் மகள் துளசிக்கு அந்த வருடம் பூப்புனித நீராட்டுச் சடங்கு செய்திருக்கிறார்கள். அக்காவுக்கு அழைப்பு இல்லை. இது அந்த வீட்டில் குடியிருந்த எனக்கே தெரியாது. அக்காவின் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை. இப்போது என் ஒலிப்பதிவில் வந்துகொண்டிருந்தது.

"நீ கேள் வசந்தி. ஹோல், மண்டபம் எடுத்தனாங்களோ? இல்லை. வீடியோ எடுத்தனாங்களோ? அதுவும் இல்லை. ஊரில சண்டை, செல்லடி நடந்துகொண்டு இருக்கேக்குள்ள ஆருக்கு மனம் வரும்? வீட்டுக்குள்ள நாலு பேரை வைச்சுத் தண்ணி வாத்தனாங்கள். அவ்வளவுதான்."

துணிக்குள் எனக்கு வியர்த்தது. முன்னால் ஒற்றைத் தண்டவாளம் அழகாக இரண்டாகப் பிரிகிறது. அதை ரசிக்க ஆளில்லை. நான் பேசினால் என் குரலும் பதிவாகும். ஆகவே மெதுவாக அக்காவின் காலை மிதித்தேன். இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று பொருள். ("கதைக்கச் சொல்லுறீர் எண்டெல்லோ நினைச்சன்" என்றார் அக்கா பிறகு.)

வண்டி ரீவ்ஸ் கார்னரில் வளைந்தது. நான் கனவு கண்ட அதே வளைவு. வெள்ளைக் கோடு எழுந்து நின்றது. தெரு திறந்தது. அந்த நொடியில் அக்காவும் திறந்தார்.

"நாலு பேரில நான் ஒராள் இல்லையோ மணியக்கா?"

பிறகு அன்ரியின் குரல் இறங்கி வந்தது.

"உன்ர தம்பியின்ர தகவல் ஒண்டும் இல்லாமல் நீ போனுக்குப் பக்கத்திலயே கிடந்தாய். நான் எப்பிடியடி எடுத்து, பிள்ளைக்குத் தண்ணி வாக்கிறன், பட்டுச் சீலை கட்டிக்கொண்டு வா எண்டு சொல்லுறது?"

துணி விழுந்தது. அக்காவின் கைகளுக்கு இப்போது வேறு வேலை. என் அருமைக் கண்ணாடியில், க்ராய்டன் கடைத்தெருவின் மீது, இரண்டு பெண்கள் கட்டிப்பிடித்து அழும் நிழல் பளிச்சென்று விழுந்தது. தம்பி முகாமில் உயிரோடு இருப்பதாகக் கோடையிலேயே தகவல் வந்துவிட்டதை அக்கா விக்கலோடு சொல்ல, அதற்கும் சேர்த்து இன்னொரு முறை அழுதார்கள். ஈஸ்ட் க்ராய்டன், லெபனான் ரோட் நிறுத்தங்கள் எல்லாம் அந்த நிழலுக்குப் பின்னால் எங்கோ போனது. நான் கேமராவை நிறுத்தவில்லை. ஒரே ஓட்டம் அல்லவா, விதி!

கடைசி நிறுத்தத்தில் ஓட்டுநர் வெளியே வந்து இருவரையும் பார்த்தார். "என் மனைவியும் அவள் அக்காவும் இப்படித்தான்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, மறுபக்கத்து ஓட்டுநர் அறைக்கு நடந்து போனார்.

வேறு படம் எடுக்க நாள் இல்லை. அதையே திரையிட்டேன். இருட்டு அறை, பிஸ்கட் வாசனை. முதல் பகுதிக்கு மூச்சுகூட விடாமல் இருந்தார்கள். மிச்சாம் வந்தது. பின்வரிசையில் ஒருவர் மரியாதையாகக் கேட்டார்:

"அந்த அம்மா நிறுத்தங்களின் பெயரையா அறிவிக்கிறார்?"

"ஆமாம்" என்றேன். வேறென்ன சொல்ல?

சற்றுக் கழித்து அவரே மறுபடியும்: "சர்ச் ஸ்ட்ரீட் நிறுத்தத்துக்கு ஏன் அழுகிறார்?"

முதல் பகுதி அற்புதம், இரண்டாம் பகுதியில் டிராமைக் காணவில்லை என்றார் சங்கத் தலைவர். பரிசு, பனிமூட்டத்தில் எடுத்த ஒரு படத்துக்குப் போனது. அதில் டிராம் பாதையே தெரியவில்லை. ஆனால் மனிதரும் இல்லை, அதுதான் முக்கியமாம். நான் கதவுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன்.

அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. விடுவார்களா? துளசியின் சடங்குக்கு வீடியோ இல்லையே என்று மணி அன்ரி குகன் அண்ணையிடம் குறைப்பட, அண்ணை இருந்த புகைப்படங்களையெல்லாம் வரிசையாக வைத்து ஒரு டிவிடி செய்தார். அசையாத படங்கள் மட்டும் இருந்தால் சப்பென்று இருக்கும் என்று கடைசியில் என் டேப்பையும் சேர்த்தார். வெட்டினார்! என் ஒரே ஓட்டத்தை வெட்டினார்! இடையிடையே இதய வடிவத்தில் திறக்கும் மாற்றங்கள் வைத்தார். மோட்டார் ஒலியை எடுத்துவிட்டு ஒரு தாலாட்டுப் பாட்டைப் போட்டார். அது டொராண்டோவுக்கும் பாரிசுக்கும் தபாலில் போனது. தங்கச்சிலைபோலப் பிள்ளை நிற்கும் படம், ஆரத்தி எடுக்கும் படம், பிறகு ஒரு காரணமும் இல்லாமல் ஒரு டிராம் க்ராய்டனுக்குள் நுழைகிறது.

இப்போது நான் இல்ஃபோர்டில் இருக்கிறேன். வேலை, குடும்பம், முன்நெற்றியில் முடி இல்லை. ஆனாலும் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் யாராவது ஒருவர் தட்டோடு வந்து, "நீங்கள்தானே அந்த டிராம் தம்பி?" என்கிறார். போன மாதம் துளசியே பிடித்துக்கொண்டாள். வழக்கறிஞராகிவிட்டாள், கேள்வியும் அப்படித்தான்.

"அண்ணா, என்ர பங்ஷன் வீடியோவில நான் அசையவே இல்லை. லெபனான் ரோட் மட்டும்தான் அசையுது. இதுக்கு என்ன சொல்லுறீங்கள்?"

செய்ய ஒன்று இருக்கிறது. சங்கம் இன்னும் நடக்கிறது. பரிசும் அதேதான், விதிகளும் அதேதான். வரும் ஞாயிறு நியூ அடிங்டன் பாதை. துணி பிடிக்க அக்கா வருகிறார்; அக்கா வருவதால் மணி அன்ரியும் வருகிறார்; தடுக்க முடியவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறேன். இருவரும் முன்கூட்டியே ஈஸ்ட் க்ராய்டன் நிறுத்தத்தில் சந்தித்து, கதைக்க இருப்பதையெல்லாம் கதைத்துவிட வேண்டும். அவர்கள் முடித்ததும் வருகிற டிராமில் நான் ஏறுவேன்.

"அப்ப கடைசி டிராமுக்குத்தான் நிப்பீர்" என்கிறார் குகன் அண்ணை. நிற்கிறேன்.