கரண்டிச் சத்தம் கேட்கக் கூடாது

"குலுக்கவே கூடாது மாமா. கரண்டியால மெதுவா சுத்தணும். சத்தமே வெளிய கேட்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டான் மச்சான்.

குமாஸ்தா சுற்றினார். ரம்மும் சர்க்கரைப் பாகும் ஐஸும் சமையல் மேடையெங்கும் தெறித்தன.

மேலாளர் மனைவியோடு சாப்பிட வருகிறார். ஆபீஸில் தலைமை எழுத்தர் நாற்காலி காலி. மேலாளருக்கு ரம் என்றால் உயிர். குலுக்கிக் கொடுத்த கிளாஸை ஒரு பார்ட்டியில் திருப்பி அனுப்பியவர் அவர். நீண்ட லீவிலிருந்து திரும்பியவரைப் பெரிய பெரிய ஆட்களெல்லாம் விருந்துக்குக் கூப்பிட்டார்கள். எங்கும் போகாதவர், தாமாகவே "உங்க வீட்டுக்குச் சாப்பிட வரட்டுமா?" என்று கேட்டிருந்தார். குமாஸ்தாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"ஜென்மத்துல மோந்துகூடப் பார்க்காத ஆளு நீங்க. ஏன் இந்த வேண்டாத வேலை? ஜூஸ் போதும்" என்றாள் மனைவி.

"ஜூஸ் குடிச்சுட்டு யாராவது ப்ரொமோஷன் குடுப்பாங்களாடி?"

ருசி பார்த்தார். ஐஸ் உருகிச் சப்பென்று இருந்தது. ரம்மைச் சேர்த்தார், தொண்டை எரிந்தது. பாகை ஊற்றினார், திகட்டியது. ஏதோ கசப்புச் சொட்டு விடச் சொல்லியிருந்தான் மச்சான். அதற்கு எங்கே போவது? மனைவியின் அஜீரண மருந்தில் ஒரு மூடி விட்டார். அந்த வாடை போக மறுபடி ரம். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு மடக்கு உள்ளே போனது.

"ஏங்க சுவரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்க?"

"அதுதான்டி என்னைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது."

வாசல் மணி அடித்தது. மேலாளர் பாதியாக இளைத்திருந்தார். பின்னால் அவர் மனைவி. குமாஸ்தா வணக்கம் சொல்ல மறந்து, கிளாஸை இரண்டு கையாலும் நீட்டினார்.

"குலுக்கல சார். சத்தியமா கலக்கினது."

மேலாளர் மோந்தார். கண்ணை மூடினார். ஒரே மூச்சில் காலி செய்துவிட்டு, "இன்னொண்ணு இருக்கா?" என்றார்.

குமாஸ்தா பூரித்துப் போனார். மனசுக்குள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தே விட்டார்.

மேலாளரின் மனைவி சோபாவில் பொத்தென்று சரிந்தார்.

"குடியை நிறுத்த ஆஸ்பத்திரியில வச்சிருந்து இப்பதான் வெளிய விட்டிருக்காங்க. ஆபீஸ்லயே இந்தக் கருமத்தைத் தொடாத ஒரே ஆள் நீங்கதான்னு சொன்னாங்க, அதை நம்பித்தான் உங்க வீட்டுக்கு மட்டும் கூட்டிட்டு வந்தேன்."