அமூர் வல்லூறும் சர்வேயர் மாப்பிள்ளையும்

மனைவியிடம் பொய் சொல்லிவிட்டு ஓரிடத்துக்குப் போகலாம். ஆனால் அந்த இடம் எந்த ஊரில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். இந்த அடிப்படை அறிவு எனக்கு முப்பத்திரண்டு வயதில், ஒரு மக்காச்சோளக் காட்டு வரப்பில் வைத்துத்தான் வந்தது.

அப்போது நான் பறவை பார்க்க ஆரம்பித்து ஆறு மாதம். (அதாவது கொக்கு எது, நாரை எது என்று தெரியும். அதை வைத்தே நாலு பேருக்குப் பாடம் எடுக்கவும் தெரியும்.) ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் குழுவின் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. திருமங்கலம் தாண்டி ஒரு கண்மாய்ப் பக்கம், கரண்டுக் கம்பியில் அமூர் வல்லூறு உட்கார்ந்திருக்கிறதாம். சைபீரியாப் பக்கமிருந்து ஆப்பிரிக்கா போகிற சின்ன வல்லூறு அது. நம்ம பக்கம் அபூர்வம். மறுநாள் விடியக்காலையில் வேன்.

மறுநாள்தான் என் மச்சான் பாண்டியின் மகனுக்குக் காதுகுத்து, மாமியார் ஊரில்.

"ஆபீஸ்ல இன்ஸ்பெக்‌ஷன்," என்றேன் மனைவி செல்வியிடம்.

"ஞாயித்துக்கெழமையா?"

"திடீர் இன்ஸ்பெக்‌ஷன்."

அவள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அன்று ராத்திரியே பஸ் ஏறிவிட்டாள்.

வேன் ஏதேதோ காட்டுப்பாதை வழியாகப் போனது. செல்போன் மேப்பில் 'பெயரில்லாத சாலை' என்றுதான் காட்டியது. குழுவை நடத்துகிற தேன்மொழி மேடம், கல்லூரியில் இயற்பியல் ஆசிரியை, தன் டெலஸ்கோப்பை முக்காலியில் பொருத்தி வரப்பில் நிறுத்தினார். குனிந்து பார்த்தேன். சாம்பல் உடம்பு, செக்கச்செவேலென்று கால். உடம்பு சிலிர்த்துவிட்டது எனக்கு.

மற்றவர்கள் வெளிச்சம் பார்த்துப் படம் எடுக்கக் காட்டைச் சுற்றிக்கொண்டு போனார்கள். "நீங்க இங்கயே நில்லுங்க. அது எங்கெங்க எறங்குதுன்னு குறிச்சுக்கங்க," என்றார் மேடம். தலையில் வெள்ளைத் தொப்பி, கையில் நோட்டு, பக்கத்தில் முக்காலி. கம்பீரமாக நின்றேன். கண்மாய்க்கு அந்தப் பக்கம் மைக் செட் பாடிக்கொண்டிருந்தது. எவன் வீட்டு விசேஷமோ, பறவையை விரட்டிவிடப் போகிறான் என்று எரிச்சலாக வந்தது.

மண்வெட்டியோடு ஓர் அம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும். முக்காலியைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வந்துருச்சா சார்?"

ஊர்க்காரர்களுக்கே தெரிந்திருக்கிறதே என்று பூரித்துப் போனேன். "நேத்தே வந்துருச்சுக்கா."

"எதுவரைக்கும் போகுது?"

"கடல் வரைக்கும். அதுக்கு மேலயும் போகும்."

"எங்க காட்டு வழியாவா?"

"இங்கனதான எறங்குது. அந்த வேப்பமரத்துலருந்து இந்தக் கெணறு வரைக்கும் அதோட எடந்தான்."

"அப்ப நாங்க?"

"நீங்க கிட்ட வராம இருந்தாப் போதும்க்கா."

மண்வெட்டியைப் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "போன வருசந்தான சார் கெணத்த ஆழப்படுத்துனேன்," என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தார். எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது என்று எனக்கு உறைப்பதற்குள் அவர் கையில் போன் இருந்தது. "ரோட்டுக்கு அளக்க வந்துட்டாக. சர்வேயரு ஒத்தையாத்தான் நிக்கிறான். வெரசா வாங்க."

பத்தே நிமிடம். கரை மேல் கூட்டம் வந்தது. வேட்டி, பட்டுச்சேலை, சந்தனப் பொட்டு. பந்தியில் நின்றவர் கறிக்குழம்பு வாளியோடே வந்திருந்தார். எல்லோருக்கும் முன்னால் வந்தவர் பாண்டி மச்சான். அவர் பின்னால் செல்வி.

ஐந்து வருடமாக அந்த ஊருக்குப் பெரிய ரோட்டு வழியாக மட்டுமே போய் வந்தவன் நான். கண்மாய்க்குப் பின்னாலிருந்து பார்த்தால் மாமியார் ஊர் எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

"வாங்க மாப்ள," என்றார் மச்சான். எவ்வளவு கோபத்திலும் மரியாதை குறையாது அவரிடம். "ஊர்ல எம்புட்டு எடுக்கிறதா உத்தேசம்?"

"பறவை பாக்க வந்தேன் மச்சான்."

ஒருவரும் நம்பவில்லை. செல்வி மட்டும் நேராக வந்து டெலஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். நிமிர்ந்து, "இன்ஸ்பெக்‌ஷன் நல்லா லட்சணமாத்தான் இருக்கு," என்றாள்.

அடுத்து அந்த அம்மா பார்த்தார். "இந்தக் குருவிக்கா என்னைய அழுக வச்சீக?" மண்வெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்து, "மன்னிச்சிருங்கக்கா," என்றேன். "நெலம் போகலேல்ல, அது போதும்," என்றவர், நகராமல் இன்னொரு தடவை பார்த்தார். அப்புறம் ஊரே வரிசையில் நின்றது. தேன்மொழி மேடம் திரும்பி வந்தபோது அவருடைய டெலஸ்கோப்பைக் குழம்பு வாளிக்காரர் வைத்திருந்தார். வல்லூறு அசையவே இல்லை.

எங்கள் குழுவுக்கு அன்று கறிவிருந்து. எனக்கு மட்டும் ரசம், செல்வியின் உத்தரவு.

அன்றிலிருந்து மாமியார் ஊரில் நான் சர்வேயர் மாப்பிள்ளை. போன வருடம் சின்ன மச்சினிச்சியைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும், "இவரு மூத்த மாப்ள, சர்வேயரு," என்றே அறிமுகப்படுத்தினார் பாண்டி மச்சான், முகத்தில் சிரிப்பே இல்லாமல். பெண் பார்க்க வந்த பையனின் அப்பா வெள்ளந்தி மனுஷர். என்னைத் தனியே அழைத்துப்போய், "நாகமலை புதுக்கோட்டைல நம்ம எடம் ஒண்ணு எல்லைத் தகராறுல கெடக்கு. ஒரு எட்டு வந்து அளந்து குடுங்க தம்பி," என்றார்.

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். "அதுக்கென்ன மாமா, வருவாரு," என்றாள் செல்வி.

போனேன். உச்சி வெயிலில் டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மூன்று மணி நேரம் நின்றேன். அளவு ரொம்பச் சரியாக இருக்கிறது என்று பக்கத்து மனைக்காரரும் ஒத்துக்கொண்டார்.