திலக் நகரில் நான் உடைத்த கதவு

எடுத்த காரியத்தைப் பாதியில் விடுவது என் வழக்கம் இல்லை. அந்தக் காலத்தில் இதை நானே நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் பதினோரு மணிக்கு, கட்டடமே கூடி வேடிக்கை பார்க்க, உயிரோடு சௌக்கியமாக இருந்த ஒருத்தியின் வீட்டுக் கதவை உடைத்த பிறகு சொல்வதை நிறுத்திவிட்டேன். (வழக்கம் மட்டும் போகவில்லை.)

அறுபதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அத்தை மகன், ஆகையால் முன்னும் பின்னும் எனக்கு அத்தான்தான். விக்ரோலியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். தாராவியில் அத்தை வீட்டில் ஒரே அறை, ஒன்பது பேர். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் என்று நடுவில் ஒரு பழைய சேலையைக் கட்டி, அந்த மூலையை எங்களுக்கு ஒதுக்கிக் கொடுத்தார்கள். சேலைக்கு இந்தப் பக்கம் நான் இருமினால் அந்தப் பக்கத்திலிருந்து, "தண்ணி வேணுமாட்டி?" என்று அத்தை கேட்பாள். நல்ல மனுஷிதான். ஆனாலும் ஏழு மாதமாக நானும் அத்தானும் மனம் விட்டுப் பேசியது மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போய்வரும் வழியில் மட்டும்தான்.

அப்புறம்தான் திலக் நகரில் வீடு கிடைத்தது. இரண்டாவது மாடி, ஓர் அறை, அடுக்களை. எல்லாவற்றுக்கும் மேலே, தாழ்ப்பாள் வைத்த ஒரு கதவு. முதல் நாள் அந்தத் தாழ்ப்பாளை நான் நாலைந்து தடவை போட்டுப் போட்டுத் திறந்தேன். பதினொரு மாதத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கிற ஒப்பந்தம்தான். கட்டடத்துச் செகரெட்டரியிடமிருந்து ஒரு புகார் வந்தாலும் காலி செய்துவிட வேண்டும் என்று வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். காலி செய்தால் மறுபடி அந்தப் பழைய சேலைதான்.

திலக் நகரில் என்ன ஒரு அமைதி என்கிறீர்கள்! ரேடியோகூட ரகசியம் பேசும். படியில் எதிரே வருகிறவர்கள் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவார்கள். எனக்கோ பிறவிக் குரலே பெரிசு. செகரெட்டரி மேல்மாடியில் இருந்த மராத்திப் பெரியவர். நான் வாசலில் நின்று அத்தானிடம் வெங்காயம் வாங்கி வரச் சொன்னதற்கே இரண்டு தடவை இறங்கி வந்து, விரலை உதட்டில் வைத்துக் காட்டிவிட்டுப் போயிருந்தார். அந்த அமைதி எனக்குப் பிடிபடவே இல்லை. தாராவியில் ஒரு வீட்டில் சத்தம் நின்றால் நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

எதிர் வீட்டில் சரோஜா அக்கா. தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பம், மாட்டுங்காவில் வளர்ந்தவள். கல்யாணமாகி ஒன்றரை வருஷம். அவள் புருஷன் சாமிநாதன் பாங்கில் குமாஸ்தா. மாமனார், மாமியார், இரண்டு நாத்தனார், ஒரு கொழுந்தன் என்று மொத்தம் ஏழு பேர், எங்கள் வீட்டின் அளவுதான் அதுவும். (நான் தாராவியில் பட்ட பாட்டைத்தான் அவள் இங்கே சத்தமில்லாமல் பட்டுக்கொண்டிருந்தாள். இது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. புத்தி அவ்வளவுதான்.)

சனிக்கிழமை தண்ணீர் பிடிக்கிற இடத்தில் சரோஜா அக்கா சொன்னாள், மறுநாள் மாட்டுங்காவில் ஒரு கல்யாணம், வீட்டில் எல்லோரும் விடிகாலையிலேயே போகிறார்களாம். இவள் மட்டும் போகவில்லை, தலைவலி. இப்போது வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை, நாளைக்கு வலிக்கும் என்றாள். அவருக்கும் நாளைக்குப் பாங்கில் ஏதோ வேலையாம். ஞாயிற்றுக்கிழமையில் பாங்கா என்று ஒரு சாதாரணப் பிறவிக்குத் தோன்றியிருக்கும். எனக்கு, பாவம், தனியாகக் கிடந்து அவதிப்படப் போகிறாளே என்றுதான் தோன்றியது.

மறுநாள் விடிகாலையில் பட்டுப்புடவை சரசரக்க அந்த வீட்டார் ஐந்து பேரும் இறங்கிப் போனார்கள். சற்று நேரத்தில் சாமிநாதன் பையை மாட்டிக்கொண்டு போனார். ஆறு மணிக்குத் தண்ணீர் வந்தது. மாடிக்கு ஒரே பொதுக் குழாய், எட்டு மணிக்கு நின்றுவிடும். சரோஜா அக்காவைக் காணோம். பம்பாயில் ஒரு பெண்பிள்ளை கல்யாணத்தை விடுவாள், சாப்பாட்டை விடுவாள், தண்ணீர் நேரத்தை விடுவாளா? ஏழரை மணி ஆயிற்று. நானே ஒரு குடம் பிடித்து அவள் வாசலில் வைத்தேன். பத்து மணி வரைக்கும் குடம் வைத்த இடத்திலேயே இருந்தது. பேப்பரும் கதவிடுக்கில் செருகினபடியே கிடந்தது.

சுக்குக் கஷாயம் போட்டு எடுத்துக்கொண்டு போய்த் தட்டினேன். பதில் இல்லை. பலமாகத் தட்டினேன். உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது, அப்புறம் கப்சிப். சந்தேகமே இல்லை, மயங்கி விழுந்துவிட்டாள் என்று முடிவு கட்டினேன். கூப்பாடு போட்டேன். தாராவிக் கூப்பாடு. இரண்டு நிமிஷத்தில் நாலு மாடியும் படியில் நின்றது. செகரெட்டரி இறங்கி வந்து, அவள் புருஷன் வரட்டும், பொறு என்றார். அதற்குள் உயிர் போய்விடும் என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் அவருக்கு நன்றாகவே சொல்லிக்கொடுத்தேன்.

அத்தானைக் கடப்பாரையோடு வரச் சொன்னேன். அவர் என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"ஏட்டி, உள்ள தாழ்ப்பா போட்டிருக்குன்னா உள்ள ஆளு இருக்குன்னுதான அர்த்தம். வுட்ருட்டி."

"ஆளு இருக்கு அத்தான். உசுரு இருக்கா?"

அவர் கடப்பாரையைக் கதவிடுக்கில் கொடுத்தார். நான் தோளைக் கொடுத்தேன். தாழ்ப்பாள் தெறித்துப் போய் எதிர்ச் சுவரில் அடித்தது.

உள்ளே சரோஜா அக்கா நின்றுகொண்டிருந்தாள். கல்யாணப் பட்டு, தலை நிறைய மல்லிகைப்பூ. தரையில் இரண்டு வாழை இலை. அந்த இரண்டாவது இலையைப் பார்த்த அத்தானுக்கு விஷயம் விளங்கிவிட்டது. மெதுவாகக் கடப்பாரையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். செகரெட்டரியோ, மூலையில் குளிக்கிற மோரியை மறைத்துக் கட்டியிருந்த திரைக்குக் கீழே இரண்டு கால்கள் தெரிவதைப் பார்த்து, "சோர்" என்று அலறினார். திருடன் என்றதும் எனக்கு வீரம் வந்துவிட்டது. பாய்ந்து போய்த் திரையைப் பிடுங்கினேன்.

நாலு முழ வேட்டியோடு, கையில் கேசரிக் கிண்ணத்தோடு சாமிநாதன் நின்றார். பேப்பர் வருவதற்கு முன்னாலேயே, நான் குளிக்கப் போயிருந்த நேரத்தில் திரும்பி வந்திருக்கிறார் மனுஷன்.

திலக் நகரில் அதுவரை நான் பார்த்த அமைதியெல்லாம் அமைதியே இல்லை.

"என்னடி செண்பகம் பண்ணிட்டே," என்று சரோஜா அக்கா கீழ்க்குரலில் கேட்டாள். "பேசாம இருந்தா போயிடுவேன்னு நெனச்சோம். அப்பறம் கூட்டம் கூடிடுத்து. கூட்டம் கூடினப்பறம் எப்படிடி தொறக்கறது? ஒன்றரை வருஷத்துல எங்களுக்குன்னு கெடச்சது இந்த ஒரு நாள்."

அவள் அழவில்லை. நான் அழுதேன். சேலைக்குப் பின்னால் ஏழு மாதம் கிடந்தவள் நான், எனக்கே தெரியவில்லை என்றால் வேறு யாருக்குத் தெரியும்? வாழ்க்கையில் அன்றைக்கு வெட்கப்பட்டதுபோல் நான் என்றைக்கும் பட்டதில்லை. அத்தான் தாழ்ப்பாளைத் தேடி எடுத்து, திருகாணி கொண்டுவந்து, சாயங்காலம் கல்யாண வீட்டார் திரும்பி வருவதற்குள் பொருத்திக் கொடுத்துவிட்டார்.

செகரெட்டரி விடவில்லை. வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுதி, மறுநாள் காலையில் தபாலில் போடப் போவதாக ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். நான் பாத்திரங்களை மூட்டை கட்டத் தொடங்கினேன். அத்தான் ஒரு வார்த்தை திட்டவில்லை. கதவுப் பக்கம் மட்டும் ஒரு தடவை பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது எனக்கு.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால், மாமியாரிடம் என்ன சாக்குச் சொன்னாளோ, சரோஜா அக்கா மேல்மாடிக்கு ஏறினாள். விடுவேனா, நானும் பின்னாலேயே போய்ப் படியில் நின்றேன். வீட்டுக்குள் குரலை உயர்த்தி நான் கேட்டறியாத சரோஜா அக்கா, மாடி முழுக்கக் கேட்கிற மாதிரி ஹிந்தியில் பேசினாள். அவள் கேட்டது இதுதான்: இன்றைக்கு நான் நிஜமாகவே செத்துக் கிடந்திருந்தால், என் வீட்டார் திரும்பி வருவதற்கு முன்னால் இந்தக் கட்டடத்தில் வேறு யாருக்காவது தெரிந்திருக்குமா?

பெரியவர் உள்ளே போனார். அப்புறம் கடிதம் கிழிபடுகிற சத்தம் எனக்குப் படி வரைக்கும் கேட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தாராவிக்குப் போய் அத்தையைப் பார்த்துவிட்டு இருட்டின பிறகுதான் வருவோம் என்று சொல்லி, எங்கள் வீட்டுச் சாவியைச் சரோஜா அக்காவின் கையில் வைத்தேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. முகம் மட்டும் சிவந்துபோயிற்று. அவர்கள் முலுண்டில் தனி வீடு பார்த்துக்கொண்டு போகும் வரைக்கும், நாலு வருஷம், ஞாயிறு தவறாமல் நாங்கள் அத்தையைப் பார்த்தோம். இவ்வளவு பாசமான மருமகள் தாராவியிலேயே இல்லை என்று அத்தைக்கு ஊரெல்லாம் சொல்லி மாளவில்லை.

என் பிள்ளைகள் வளர்ந்த பிறகு அத்தான் எல்லாவற்றையும் அவர்களிடம் சொல்லிவிட்டார். இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது குளியலறையில் கொஞ்சம் கூடுதல் நேரம் இருந்தால், "அம்மா, கடப்பாரை எடுக்கட்டுமா?" என்று கேட்கிறார்கள். போன வருஷம் மகனுக்குக் கல்யாணம் செய்து வைத்தோம். எங்களுடன்தான் இருக்கிறார்கள். மருமகள் வந்த முதல் நாளே அவளிடம் முழுக் கதையும் ஒப்பித்து, தாழ்ப்பாள் கெட்டியானதுதானா என்று பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் அத்தானும் புளியோதரையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். எங்கே போகிறோம் என்று மருமகள் இதுவரை கேட்டதில்லை.