அசல் தேக்கு

"தேக்குன்னு சொல்லு. இல்லேன்னா இன்னியோட உனக்கு வேலை இல்ல."

சவப்பெட்டிக் கடை முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். வாசலில் ஓர் அம்மாவும் அவர் மகனும் குடையை மடக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தம்மாவின் கணவர் காலையில்தான் கண்ணை மூடியிருந்தார்.

பாலிஷ்காரர் கையிலிருந்த துணியை உதறினார். "சரக்குப் பெட்டியை உடைச்ச கள்ளிப்பலகை இது. தேக்குன்னு சொல்ல என் நாக்கு வளையாது."

"படுக்கிறவரு எந்திரிச்சு வந்து கேக்கப்போறாரா?"

"அவரு கேக்க மாட்டாரு. அவரு போற எடத்துல ஒருத்தர் கேப்பாரு, இதை எவன்டா தேக்குன்னு சொன்னவன்னு. அங்க யார் பேரைக் குடுக்கறது? உங்க பேரா, என் பேரா?"

முதலாளி ஞாயிறு தவறாமல் ஆலயத்தில் முன்வரிசையில் உட்காருகிறவர். முன்வரிசைக்காரர்களிடம் கொஞ்சம் சூதானமாக இருப்பதே நல்லது. பாலிஷ்காரர் கடைசி பெஞ்சு. பிரசங்கம் அங்கே அரைகுறையாகத்தான் கேட்கும். கேட்ட வரைக்கும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

அந்தம்மா உள்ளே வந்து மூலை ஸ்டூலில் உட்கார்ந்தார். மகன் பெட்டியைத் தடவினான். "இது என்ன மரம்?"

"தேக்கு" என்றார் முதலாளி.

"கள்ளிப்பலகை" என்றார் பாலிஷ்காரர்.

முதலாளி சிரித்து மழுப்பினார். "பாவம், அவருக்குக் கண்ணு மங்கிடுச்சு."

"கண்ணு மங்கினவரா பாலிஷ் போட்டாரு?" மகன் குனிந்து மூடியில் பாலிஷ் விட்டுப்போன இடம் தேட ஆரம்பித்தான்.

"ஐயோ, கைவேலை சுத்தம் தம்பி! வாய்தான் சரியில்ல. விடிஞ்சதும் ஊத்திக்கிட்டு வந்துடறாரு."

பாலிஷ்காரர் நேராக மகன் எதிரே போய் நின்று, வாயைத் திறந்து முகத்தில் ஊதினார்.

"என்ன வாடை வருது?"

"வெங்காயம்" என்றான் மகன், மூக்கைப் பொத்திக்கொண்டு.

முதலாளி பெட்டியைத் தட்டிக் காட்டினார். "கனத்தைப் பாத்தா தெரிஞ்சுடும் தம்பி. நாலு ஆள் இல்லாம இதை அசைக்க முடியாது!"

பாலிஷ்காரர் மூடியை எடுத்து ஓரமாகச் சாய்த்துவிட்டு, ஒற்றைக் கையால் பெட்டியின் ஒரு முனையைப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கினார். உள்ளே விரித்திருந்த வெள்ளைத் துணி சரிந்தது. அடிப்பலகையில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது: "உடையும் பொருள். தலைகீழாக வைக்காதீர்."

மகன் அதை வாய்விட்டுப் படித்தான்.

"அது... போனவருக்கு ஒரு மரியாதையா நாங்களே எழுதறது" என்றார் முதலாளி.

மகன் அவரையே பார்த்தான். முதலாளி இரண்டு கையையும் கூரையை நோக்கித் தூக்கினார். "கர்த்தர்மேல ஆணை! அசல் தேக்கு! இந்த ஆளை இப்பவே வேலையிலிருந்து தூக்கிட்டேன். பொய் பேசறவனுக்கு என் கடையில எடமில்ல!"

பாலிஷ்காரர் வேலைச் சட்டையைக் கழற்றி, நிதானமாக மடித்துப் பெட்டிமேல் வைத்தார்.

"பொய் பேசறவனுக்கு எடமில்லன்னா வெளிய போக வேண்டியது நானில்ல. இருந்தாலும் போறேன். நாளைக்கு வீட்டுல உலை கொதிக்குமோ கொதிக்காதோ, இந்த நாக்கு இப்படியேதான் இருக்கும்."

அதுவரை மூலை ஸ்டூலில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்த அந்தம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார்.

"வாடா, வேற கடை பாப்போம். பெரிய மனுஷர் ஆணையிட்டுச் சொல்றாரு, தேக்காத்தான் இருக்கும்; உங்கப்பாதான் கள்ளிப்பலகையைத் தவிர வேற எதுல வச்சாலும் எந்திரிச்சு வந்துடுவேன்னு சொல்லிட்டுப் போனாரே!"