கல்லாற்றில் ஒரு கறி விருந்து

எனக்கு இரண்டு மொழி தெரியும் என்று ஒரு காலத்தில் திமிராகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம். இரண்டுமே அரைகுறை என்று எனக்கு உறைக்க, விருதுநகர்ப் பக்கத்திலிருந்து இருபத்தாறு பேர் ஒரு வேனில் கிளம்பி வர வேண்டியிருந்தது.

இரண்டாயிரத்துச் சொச்சம். திருவனந்தபுரத்தில் மூலைக்கு மூலை இன்டர்நெட் மையம் முளைத்துக்கொண்டிருந்த சமயம். கோட்டைக்குள் அக்ரஹாரத்தில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, பி.ஏ.வை ஒருவழியாக முடித்துவிட்டு, ஒரு மாடியில் இரண்டே அறையில் நடந்த இணையதளக் கம்பெனியில் 'கன்டென்ட் ரைட்டர்' ஆகச் சேர்ந்திருந்தேன். (அது என்ன உத்தியோகம் என்று வீட்டில் ஒருவருக்கும் புரியவில்லை. "கம்ப்யூட்டர்லே கடுதாசி எழுதறா" என்று அம்மா தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.)

முதல் வாடிக்கையாளரை நானே பிடித்தேன். வேறு யாருமில்லை, என் அத்தையின் கணவர், அத்திம்பேர். பேங்க் வேலையை விருப்ப ஓய்வில் விட்டு, கையில் வந்ததையெல்லாம் பொன்முடி ஏறுகிற வழியில் கல்லாற்றங்கரையில் ஆறு அறை விடுதி ஒன்றில் போட்டிருந்தார். சமையல் அத்தை. திறந்து எட்டு மாதமாகியும், வந்து தங்கியவர்களில் முக்கால்வாசி எங்கள் சொந்தக்காரர்கள்தான்.

"துலாமாசம் கழியற வரைக்கும் பார்ப்பேன். அப்பவும் ஆள் வரலைன்னா வித்துட்டுக் கோட்டைக்கே திரும்பிட வேண்டியதாக்கும்" என்றார் ஒருநாள். (துலாம் என்றால் ஐப்பசி.) சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பக்கத்தில் நின்ற அத்தை சிரிக்கவில்லை.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "அத்திம்பேரே, தமிழ்நாட்டுக்காராளுக்குன்னு ஒரு தமிழ்ப் பக்கம் எழுதிப் போடறேன். ஆள் வராட்டா என் பேரை மாத்திக்கறேன்" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டேன்.

முதலில் நான் எழுதியது யோக்கியமாகத்தான் இருந்தது. அறை விவரம், பஸ் விவரம், சாப்பாட்டு விவரம். 'சுத்த சைவம். மது கூடாது. புகை கூடாது.' முதலாளி பினு சார், என்னைவிட நாலு வயதுதான் மூத்தவர், பக்கத்தில் உட்கார்ந்து படிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டு முடித்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இது எந்தா, ரேஷன் கார்டோ? விசிட்டர் எக்ஸைட்டட் ஆகணம்! வாயிச்சு தீரும்போ நாவில் வெள்ளம் ஊறணம்!" (படித்து முடிக்கும்போது நாக்கில் ஜலம் ஊற வேண்டுமாம்.)

பிறகு உபதேசம். 'இல்லை', 'கூடாது' என்கிற வார்த்தை இருந்தால் வருகிறவன் ஓடிப்போவான். ஆகவே அதையெல்லாம் வெட்டு. பட்டியல் போடாதே, ஆசை காட்டு. நான் தலையாட்டினேன். சுத்த சைவத்தை வெட்டினேன். வெட்டிய இடத்தில் இப்படி எழுதினேன்:

'மலையடிவாரத்தில் ஒரு கறி விருந்து! காலையில் வெட்டி, மதியம் சுடச்சுட இலையில்! தினமும் மூன்று வகைக் கறி, அத்தையின் கைப்பக்குவத்தில்! ஒருமுறை ருசித்தால் ஊர் திரும்ப மனம் வராது!'

எங்கள் வீட்டில் கறி என்றால் வாழைக்காய்க் கறி, சேனைக் கறி, பயத்தங்காய்க் கறி. வெளியில் மலையாளத்திலும் குழம்பிலிருந்து கூட்டு வரைக்கும் எல்லாமே கறிதான். நான் தமிழ்நாட்டுக்குப் போனதெல்லாம் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு. அங்கேயும் பந்தியில் "கறி, கறி" என்றுதான் கேட்டு வருவார்கள். நான் என்னத்தைக் கண்டேன்? அதே பக்கத்தில் 'சுடுவெள்ளம் கிடைக்கும்' என்று எழுதப்போய், ஐயோ தமிழில் வெள்ளம் என்றால் வேறாயிற்றே என்று கடைசி நிமிடத்தில் திருத்தியிருந்தேன். எவ்வளவு உஷாரான பெண் என்று என்னை நானே மெச்சிக்கொண்டது வேறு நடந்தது.

பக்கம் வெளியாகிப் பதினைந்து நாளில் போன் வந்தது. விருதுநகர்ப் பக்கம் அச்சகம் வைத்திருக்கும் செல்வராஜ் அண்ணாச்சி. மகன் இன்டர்நெட்டில் பார்த்துக் காட்டினானாம். அச்சகத்து ஆட்கள், குடும்பம் எல்லாருமாக இருபத்தாறு பேர், இரண்டு நாள், ஆறு அறையும் வேண்டும்.

"ஆனா புரட்டாசி முடிஞ்சுதாம்மா வருவோம்" என்றார்.

எவ்வளவு ஆசாரமான மனிதர்கள் என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

"கறி மூணு வகைன்னு போட்டிருக்கே, நெசந்தானா?"

"நிஜமாக்கும். தினமும் மூணு."

"எளசா இருக்குமா?"

"பிஞ்சாப் பார்த்துத்தான் எடுப்போம்."

"அன்னன்னைக்கு வெட்டுறதுதான?"

"காத்தாலே வெட்டினா மத்தியானத்துக்குள்ளே ஆயிடும். முதல் நாளே வெட்டி வெக்கற வழக்கமே எங்களுக்குக் கிடையாது."

"யாரு, ஆளு வச்சு வெட்டுறீகளா?"

"இல்லே, எங்க அத்தையே கைப்பட வெட்டுவா. எல்லாம் கொல்லையிலே வளர்த்ததுதான்."

"அடேங்கப்பா! பொம்பளையா! பெரிய ஆளுதான்!" என்றார். நான் பூரித்துப்போனேன். அத்தையிடம் சொன்னபோது அவளும் பூரித்துப்போனாள். அத்திம்பேர் ஆறு அறைக்கும் புதுப் படுக்கை விரிப்பு வாங்கி வந்தார்.

ஐப்பசி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. வழி காட்ட நான் கூடப் போவதாக ஏற்பாடு. கிழக்கேகோட்டையில் வேனில் ஏறினேன். முன்சீட்டில் அண்ணாச்சி கும்பிடு போட்டார். என் பக்கத்தில் அவருடைய அம்மா, எல்லாருக்கும் 'பெரியம்மா', வாய் நிறைய வெற்றிலை. நெடுமங்காடு தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. பெரியம்மா என் பக்கம் திரும்பினாள்.

"ஒரு மாசமாச்சு தாயி, வாயில கறிய வச்சு. ஐப்பசி பொறந்த அன்னைக்கே கறி எடுக்கக் கெளம்பிட்டான் எம்மவன். நாந்தான் வேணாம்டா, அங்க போயி நல்ல வெள்ளாட்டங்கறியாத் தின்னுக்கலாம்னு நிறுத்தி வச்சேன்."

"வெள்ளாடா?" என்றேன்.

"பின்ன என்ன, செம்மறியா போடுறீக?"

எனக்குக் காதில் ஒரு குளவி புகுந்த மாதிரி ஆயிற்று. பிஞ்சு. காலையில் வெட்டினது. கொல்லையில் வளர்த்தது. அத்தை கைப்பட. நான் போனில் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் வரிசையாக வந்து என் கழுத்தைப் பிடித்தது. பின்சீட்டில் யாரோ ஈரல் எனக்கு, மூளை உனக்கு என்று பங்கு பிரித்துக்கொண்டிருந்தார்கள். வேன் ஏதாவது மண்சரிவில் மாட்டிக்கொண்டால் தேவலை என்று வேண்டிக்கொண்டேன் என்றால், எவ்வளவு பயந்திருப்பேன் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விதுராவில் டீக்கு நிறுத்தினார்கள். செல்போன் என்னிடம் கிடையாது. எதிரில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குள் பாய்ந்தேன்.

"அத்தை, நான்தான். அவா கேக்கறது நம்ம கறி இல்லே. ஆட்டுக் கறி!"

"ஆட்டுக்கு எதுக்குடி கறி?" என்றாள் அத்தை சாவதானமாக. "தோல் போறாதோ? வாழைக்காய்த் தோலும் சேனைத் தோலும் ரெண்டு கூடை கிடக்கு. ஆட்டையும் கூட்டிண்டா வரா?"

"ஐயோ அத்தை! ஆட்டைத் திங்கறவா! கறின்னா அவாளுக்கு அதாக்கும்!"

ரிசீவர் கைமாறும் சத்தம். அத்திம்பேர். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

"இருபத்தாறு பேருமா?" என்றார்.

"ரெண்டு கைக்குழந்தை நீங்கலா."

"செரி. நீ மெள்ள வா" என்று வைத்துவிட்டார். அவர் கத்தியிருந்தால்கூட நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

நான் மெள்ள வரலாம், வேன் வர வேண்டாமா? அரைமணியில் கல்லாறு வந்துவிட்டது. அத்தை பட்டுப்புடவையில் வாசலில் நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. கூடத்தில் தலைவாழை இலை போட்டுத் தண்ணீர் தெளித்திருந்தது. அத்திம்பேரைக் காணோம். "எங்கே போனார்?" என்று கண்ணால் கேட்டேன். அத்தை உதட்டைப் பிதுக்கினாள்.

பசியோடு வந்தவர்கள் கை கழுவிவிட்டு மளமளவென்று உட்கார்ந்தார்கள். அத்தையும் வேறு வழி தெரியாமல் பரிமாற ஆரம்பித்தாள். வாழைக்காய். சேனை. பயத்தங்காய். அண்ணாச்சி இலையைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார்.

"கறி எங்கம்மா?"

"இதோ... மூணும் போட்டாச்சே..." என்று கரண்டியால் இலையைக் காட்டினாள் அத்தை.

இனிமேல் ஒளிய இடமில்லை. நடுக்கூடத்தில் வந்து நின்றேன். "அண்ணாச்சி, எங்காத்துலே கறின்னா காய்தான். தப்பு என்னோடது. எழுதினது நான்."

"அப்ப அம்மா கையால வெட்டுறது?"

"சேனை."

"கொல்லையில வளக்கிறது?"

"வாழை."

"எளசுன்னியே?"

"பயத்தங்காய்."

அவர் எழுந்துவிட்டார். "எல்லாரும் வேன்ல ஏறுங்கப்பா" என்றார். ஒவ்வொருவராக எழ ஆரம்பித்தார்கள். அத்தை கறிப் பாத்திரத்தைத் தரையில் வைத்துவிட்டாள். விடுதி திறந்த நாளிலிருந்து நிறைந்த ஒரே பந்தி, அதையும் நானே கலைத்துவிட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது; எல்லார் எதிரிலும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதேன்.

அப்போது வாசல் கேட் பக்கம் ஒரு பெண்குரல். "சாமி, வலத்தோட்டு! சாமி, குழி! குழி!"

பாலத்தடியில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த சுலோசனா சேச்சியும் அத்திம்பேரும், ஆளுக்கு ஒரு காதைப் பிடித்து, அண்டா மாதிரி ஒரு பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு மழையில் வந்துகொண்டிருந்தார்கள். அத்திம்பேர் மூக்கைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தார். கண்ணை இறுக மூடியிருந்தார். வெங்காயம்கூட வீட்டுக்குள் விடாத மனுஷன். சேச்சி வலது, இடது என்று சொல்லச் சொல்ல, பூனை நடையில் வந்து சேர்ந்தார்.

"ஆடு கிட்டலை. இது கோழியாக்கும். குழந்தை தெரியாம எழுதிட்டா, க்ஷமிக்கணும்" என்றார், கண்ணைத் திறக்காமல், முற்றத்துத் தென்னைமரத்தைப் பார்த்து.

அண்ணாச்சி தென்னைமரத்துக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றார். "ஐயரே, மொதல்ல கண்ணத் தெறங்க. நீங்க விழுந்தா தூக்கிருவோம். கறி கொட்டிப்போச்சுன்னா என்ன செய்ய?"

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அண்ணாச்சியே பாத்திரத்தின் ஒரு காதை வாங்கிக்கொண்டார். இலைகளையெல்லாம் வெளிக் கொட்டகைக்கு மாற்றினோம். சேச்சி கோழி பரிமாறினாள். அத்தை ஒரு கஜம் தள்ளி நின்று காய் பரிமாறினாள். அத்திம்பேர் கொட்டும் மழையில் ஆற்றுக்குப் போய் மூன்று தடவை முழுகிவிட்டு வந்தார்.

பெரியம்மா வாழைக்காயை மூன்று தரம் கேட்டு வாங்கினாள். "நல்லாத்தேன் இருக்கு தாயி. ஆனா இதுக்குப் பேரு பொரியல்" என்று அத்தைக்குச் சொல்லியும் கொடுத்தாள். அத்தைக்கு அந்த ரோஷம் இன்னும் ஆறவில்லை. பந்தியில் எல்லாருக்கும் 'கறி' என்று கேட்டு வருபவள், என் இலையண்டை வந்ததும் மட்டும் "பொரியல் போடட்டுமா?" என்பாள்.

அவர்கள் இரண்டு நாளும் இருந்துவிட்டுத்தான் போனார்கள். அடுத்த மாதம் அண்ணாச்சி சொல்லி இன்னொரு வேன் வந்தது. பிறகு இன்னொன்று. நான் பதறிப்போய், பக்கத்தைத் திருத்தி 'சுத்த சைவம்' போடட்டுமா என்று அத்திம்பேரைக் கேட்டேன். "அந்தப் பக்கத்தைத் தொட்டியோ, தெரியும் சேதி" என்றார். மதிலுக்கு வெளியே சேச்சிக்குத் தனி அடுப்பு போட்டுக் கொடுத்தார். முட்டிவலி வந்து மலையிறங்கும் வரை பத்துப் பன்னிரண்டு வருஷம் அந்த விடுதியை நடத்தினார்.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளையின் அப்பா பெண் என்ன வேலை பார்க்கிறாள் என்று விசாரித்தார். அம்மா வாயைத் திறப்பதற்குள் அத்திம்பேர் முந்திக்கொண்டார். அதைத்தான் என் கணவர் இன்றுவரை, வீட்டுக்கு யார் வந்தாலும், அத்திம்பேர் குரலிலேயே சொல்லிக் காட்டுகிறார்:

"இவ எழுதினா ஆள் நிச்சயமா வரும். வந்தவாளுக்கு என்ன போடறதுங்கறதை மட்டும் நீங்க பாத்துக்கணும்."