திகதி மட்டும் கேட்காதே

“இந்த வெப்சைட் எப்ப முடியும்? எனக்கு ஒரு திகதி சொல்லுங்க.”

றுஸ்னா கேட்டுவிட்டாள். எதைக் கேட்டாலும் இதை மட்டும் கேட்கக் கூடாது என்று அவளுக்குச் சொல்லப்பட்டிருந்தது.

அறையிலிருந்த ஆறு பேரும் அசையவில்லை. ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் புண்ணியமூர்த்தியின் பிஸ்கட் தேத்தண்ணிக்குள் ஊறி, முறிந்து, கோப்பைக்குள் விழுந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“திகதியா?” என்றார் தலைவர் மீராசா சேர். வாழ்நாளெல்லாம் பள்ளிக்கூட அதிபராக இருந்தவர். மற்றவர்களிடம் திகதி கேட்டே பழகியவர்.

“ஓம் சேர். வெள்ளிக்கிழம பின்னேரத்துக்குள்ள இது லைவ்ல போகணும்.”

“அவசரப்படப்படா மகள். மசூறா செய்வம்.”

மசூறா. கூடியிருந்து ஆலோசிப்பது நல்ல காரியந்தான், மார்க்கம் சொன்னதுதான். ஆனால் பின்னணி நிறம் இளம்பச்சையா கடும்பச்சையா என்று மூன்று நாள் மசூறா செய்து, கடைசியில் வெள்ளை என்று முடிவெடுத்தால் அதற்கு என்ன பெயர் வைப்பது? றுஸ்னாவின் வாயில் ஒரு பெயர் வந்தது. விழுங்கினாள்.

கல்முனை பிரதான வீதியில், ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது ஓய்வுபெற்றோர் சங்கம். சங்கத்துக்கு ஒரு வெப்சைட் செய்ய வேண்டும், அதை அந்த ஆறு பேருக்கும் சொல்லிக்கொடுத்தே செய்ய வேண்டும் என்று அவளை வேலைக்கு எடுத்தது மீராசா சேரின் மனைவி சுஹறா மாமி. மாதச் சம்பளமும் மாமியின் கையால்தான் வரும். நேர்முகத் தேர்வு மாமியின் குசினிக்குள், அடுப்புக்குப் பக்கத்தில் நடந்தது.

“வேகமா வேல செய்வீங்களா புள்ள?” என்று மாமி கேட்டார்.

“மிச்சம் வேகமாச் செய்வன் மாமி.”

மாமியின் முகம் ஏனோ சற்று வாடியது. “முந்தி ஒரு பொடியன் வந்தான். அவனும் கெட்டிக்காரன்தான். சரிவரல்ல.” பிறகு மூன்று கட்டளைகள் இட்டார். “சத்தம் போட்டுக் கதைக்காதீங்க. தேத்தண்ணி தந்தா வேணாமெண்டு சொல்லாதீங்க. எப்ப முடியுமெண்டு மட்டும் அவங்கட்டக் கேட்டிராதீங்க. வயசானவங்க, மனசு நோகும்.”

இரண்டு மாதம் அவள் யாருடைய மனதையும் நோகடிக்கவில்லை. அவளுடைய மனம்தான் நொந்து நூலாகியிருந்தது. வாப்பா கரைவலை இழுக்கிறவர். அந்தக் குடும்பத்தில் கெம்பஸ் பார்த்த முதல் ஆள் றுஸ்னா. பட்டமளிப்புப் படம் சுவரில் தொங்குகிறது. வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம் படத்தைப் பார்த்து, “மாஷா அல்லாஹ்” சொல்லி, அதே மூச்சில் “வேல?” என்று கேட்டார்கள். முந்திய நாள், திங்கட்கிழமை, கொழும்புக் கொம்பனி ஒன்றிலிருந்து மின்னஞ்சல் வந்தது. நீங்கள் தனியே செய்து முடித்த ஒரு தளத்தின் லிங்கை வெள்ளி மாலைக்குள் அனுப்புங்கள். செய்து முடித்த. அந்த ஒரு சொல்தான் அவளிடம் இல்லை.

“சரி சேர். என்னென்ன மிச்சம் இரிக்கி எண்டாவது சொல்லுங்க. ஒவ்வொண்டா முடிப்பம்.”

“முதலாவது, படம்,” என்றார் கச்சிமுகம்மது ஹாஜியார். சவளக்கடை என்ற ஊரில் வயல்காரர். இப்போது வயலெல்லாம் குத்தகைக்குப் போய்விட்டது. அவர் தன் சொந்தச் சாய்மனைக் கதிரையில் சாய்ந்திருந்தார். அது போன வாரம் அவருடைய வீட்டிலிருந்து ஓட்டோவில் தனியாக வந்து இறங்கியது.

“என்ட முகம் திரையில வருது, சட்டெண்டு போயிருது. சேர்ட முகம் நிண்டு போகுது. நான் பாத்திட்டுத்தான் சொல்றன்.”

“ஹாஜியார், எல்லாப் படமும் ஒரே அளவு நேரந்தான் நிக்கும்.”

“அப்ப ஏன் எனக்கு என்னப் பாத்து முடியல்ல?”

சுழலும் படங்களை நிறுத்திவிட்டு, ஆறு பேரையும் ஒரே பக்கத்தில், அகர வரிசையில் அடுக்கினாள். அகர வரிசைக்கு யார் சண்டை பிடிக்க முடியும்? அப்படித்தான் அவள் நினைத்தாள்.

கச்சிமுகம்மது முதலில் வந்தார். மீராசா சேர் கடைசியில் போனார்.

“தலைவர் கடைசியிலயா?” சேர் மெதுவாகத்தான் கேட்டார். பழைய மாணவர்களுக்கு அந்த மெதுவுக்குப் பின்னால் என்ன வரும் என்று தெரியும். “என்ட பேருக்கு முன்னால ‘அதிபர்’ எண்டு போடுங்க மகள்.”

போட்டாள். சேர் மேலே ஏறினார்.

“அப்ப எனக்கு ‘அல்ஹாஜ்’ போடு,” என்றார் ஹாஜியார்.

போட்டாள். அப்போதும் அதிபருக்குக் கீழேதான் நின்றார். ஹாஜியார் திரையை முறைத்தார். “மக்காவுக்குப் போய் வந்தவன் பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்தவனுக்குக் கீழயா?”

மற்ற மூன்று பேரும், “நாங்களும் ஹாஜிமார்தானே!” என்றார்கள். அவர்களுக்கும் போட்டாள். புண்ணியமூர்த்தி கோப்பையிலிருந்த பிஸ்கட்டைக் கரண்டியால் எடுத்து முடித்துவிட்டு, யாருக்கும் நோகாத குரலில் சொன்னார்: “பிள்ள, நான் அகில இலங்கை சமாதான நீதவான்.”

போட்டாள். போஸ்ட்மாஸ்டர் அத்தனை பேரையும் தாண்டி உச்சிக்குப் போய் உட்கார்ந்தார்.

ஹாஜியார் எழுந்து விசிறியின் வேகத்தைக் கூட்டினார். அந்த விசிறியும் சுஹறா மாமி வீட்டிலிருந்து வந்ததுதான்.

“மகள்,” என்றார் ஹாஜியார், “நானும் ஒருத்தரப் புடிச்சு அந்த நீதவான் பட்டத்த எடுக்கன். அதுமட்டும் வெப்சைட்ட நிப்பாட்டி வை.”

“எவ்வளவு காலம்?”

“என்ன, ஒரு ஆறு மாசம்.”

றுஸ்னா எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். வந்து உட்கார்ந்து, எல்லோருடைய படத்தையும் பட்டத்தையும் ஒரே அடியில் அழித்தாள். முகப்பில் கடலைப் போட்டாள். கடல் யாருக்கும் முன்னால் பின்னால் நிற்காது.

இடையில் ஹாஜியாரின் போன் அடித்தது. “ஓம். வெப்சைட் வேலையில நிக்கன். பிந்தும்,” என்றார். மறுமுனையில் மனைவி கோபிக்கவில்லை. பகல் சாப்பாடு வழமைபோல மேலே வந்து சேர்ந்தது. ஆறு வீட்டுச் சாப்பாடு, றுஸ்னாவுக்கும் சேர்த்து. அவர்கள் வீட்டுப் பெண்கள் நல்லவர்கள், இவர்கள்தான் இப்படி என்று நினைத்தபடி அவள் கணவாய்க் கறியைப் பிசைந்தாள்.

“இனி நீங்க ஒவ்வொரு நாளும் வரத் தேவல்ல,” என்றாள் சாப்பிட்டு முடித்ததும். “நான் வட்ஸ்அப்ல அனுப்புறன். வீட்ட இருந்தே பாத்துச் சொல்லுங்க.”

ஆறு பேரும் அவளைப் பார்த்த பார்வையில், அவள் ஏதோ ஹராமான காரியம் சொன்னதுபோல் இருந்தது.

“வீட்டயா?” என்றார் சேர்.

“வீட்ட இருந்தா பேரப்புள்ளயள ஏத்தி இறக்கிறது, மீன் வாங்கிறது, வாங்கின மீன் சரியில்லயெண்டு பேச்சு வாங்கிறது...” ஹாஜியார் அடுக்கிக்கொண்டே போனார். “இல்ல மகள். நேர்ல செய்யிற வேலைக்கு ஒரு பறக்கத், ஒரு அருள் இரிக்கி.”

புதனும் இப்படியே போனது. வியாழக்கிழமை அவள் கடைசி ஆயுதத்தை எடுத்தாள். மவுத் அறிவித்தல் பக்கம். ஊரில் யாராவது காலமானால் பெயரையும் நல்லடக்க நேரத்தையும் போடலாம். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளும் உடனே பார்ப்பார்கள். இதற்கு மட்டும் மசூறா தேவைப்படவில்லை. எல்லோருக்கும் பிடித்துப்போனது.

“நானே அடிச்சுப் பழகுறன்,” என்றார் ஹாஜியார். ஒற்றை விரலால் நெடுநேரம் குத்தினார். றுஸ்னா அடுத்த மேசையில் புண்ணியமூர்த்திக்கு லெப்டொப் மூடியிருந்தால் வேலை செய்யாது என்று விளக்கிக்கொண்டிருந்தாள். விளங்கியதும் அவர் எழுந்து, ஹாஜியாரின் திரையைப் போனில் படம் பிடித்து, “வேலை நடக்கிறது” என்று சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் போட்டார். சங்கத்துக் குழு என்றால் ஆறு பேர், ஆறு பேரின் பிள்ளைகள், மருமக்கள், சம்பந்திகள்.

முதலில் வந்தது ஹாஜியாரின் மனைவி உம்முவின் அழைப்பு. ஹாஜியாரே எடுத்தார்.

“ஆரு கதைக்கிற?” என்றது போன். ஊருக்கே கேட்கும் குரல்.

“நாந்தான்.”

“மவுத்தெண்டு போட்டிரிக்கி?”

“ஆரு?”

“நீங்க!”

“இல்லயே. தேத்தண்ணி குடிக்கன்.”

“அல்ஹம்துலில்லாஹ். அப்ப அங்கயே இரிங்க. இஞ்ச வந்திராதீங்க, வீடு முட்டச் சனம்.”

சற்று நேரத்தில் படியில் காலடிகள் அதிர்ந்தன. நிந்தவூரிலிருந்து வான் பிடித்து வந்த ஹாஜியாரின் தங்கை, “என்ட காக்காவே!” என்று அண்ணனை அழைத்துத் தலையிலடித்தபடி முன்னால் வந்தாள். பின்னால் ஒரு வான் நிறையப் பெண்கள். கதவைத் திறந்தது கையில் பிஸ்கட்டோடு கச்சிமுகம்மது ஹாஜியார்.

தங்கை அப்படியே சரிந்து சாய்மனைக் கதிரையில் விழுந்தாள். அவளுக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டியதாயிற்று.

றுஸ்னாவுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. “ஹாஜியார், பழகுறதுக்கு ஏன் உங்கட பேர அடிச்ச?”

“மறுகா ஆருட பேர அடிக்கிற?” அவர் உண்மையிலேயே புரியாமல் கேட்டார். “உசிரோட இரிக்கிற இன்னொரு மனிசன மவுத்தெண்டு எழுதினா பாவமில்லயா? என்ட பேரெண்டா எனக்கு மட்டுந்தானே!”

இத்தனை வருடப் படிப்பில் இதற்குப் பதிலை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

வான் திரும்பிப் போனதும் மீராசா சேர் தொண்டையைச் செருமினார். “இந்த வெப்சைட்டுக்குக் கண்ணூறு பட்டிட்டு. முழுக்க அழிச்சிப்போட்டு புதுசாத் தொடங்குவம்.”

ஆறு கைகளும் ஒரே நேரத்தில் உயர்ந்தன. இரண்டு மாதத்தில் முதன்முறையாக ஒருமனதான முடிவு.

“பிஸ்மில்லாவிலிருந்து,” என்றார் ஹாஜியார் உற்சாகமாக. “நிறத்தில இருந்து!”

மறுநாள் வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்கு ஐந்து பேரும் பள்ளிவாசலுக்குப் போனார்கள். புண்ணியமூர்த்தி மட்டும் இருந்தார். றுஸ்னா லெப்டொப்பைத் திறந்தாள். மவுத் பக்கத்தில் ஹாஜியாரை உயிர்ப்பித்தாள். படங்களைத் திரும்பப் போட்டாள், வட்டமாக. வட்டத்தில் முதலுமில்லை, கடைசியுமில்லை. அடியில் சின்னதாக எழுதினாள்: உருவாக்கம், றுஸ்னா.

புண்ணியமூர்த்தி கிட்ட வந்து நின்றார். “முடியப்போகுதா பிள்ள?”

“ஓம் ஐயா.”

“வேணுமெண்டா ஒரு பிழை கண்டுபிடிச்சுத் தரட்டா?”

“தேவல்ல ஐயா.” பொத்தானை அழுத்தினாள். லிங்கைக் கொழும்புக்கு அனுப்பினாள்.

ஐவரும் அத்தர் மணக்கத் திரும்பி வந்தார்கள்.

“அழிச்சிட்டீங்களா மகள்?” என்றார் சேர்.

“இல்ல சேர். முடிச்சிட்டன்.”

“ஆரக் கேட்டு?”

“ஆரையும் கேக்கல்ல.” போனை நீட்டினாள். “பாருங்க. உலகத்தில எங்க இருந்தும் பாக்கலாம்.”

பார்த்தார்கள். நன்றாகத்தான் இருந்தது. அது அவர்களுடைய முகத்திலேயே தெரிந்தது. ஆனால் ஒருவர் முகத்திலும் சந்தோஷம் இல்லை. பரீட்சையில் பெயிலான பிள்ளைகள்போல நின்றார்கள்.

“இனி நாங்க என்ன செய்யிற?” என்றார் ஹாஜியார்.

“ஒண்டும் செய்யத் தேவல்ல. அது தன்பாட்டில கிடக்கும்.”

“சிங்களத்திலயும் ஒண்டு செய்வமா?” என்றார் சேர் அவசரமாக.

“ஊரில உள்ள கிணறுகளப் பத்தி ஒரு பக்கம்?” என்றார் புண்ணியமூர்த்தி.

“ஞாயிறு ராவு பஸ்ஸில கொழும்புக்குப் போறன்,” என்றாள் றுஸ்னா, லெப்டொப்பைப் பையில் வைத்தபடி. “அவங்க கூப்பிட்டாலும் போறன், கூப்பிடாட்டியும் போறன். திகதி கேட்டனே, அண்டைக்கே சீட் புக் பண்ணிட்டன். நீங்க எனக்குத் திகதி சொல்லமாட்டீங்கெண்டு தெரியும். அதான் நானே ஒண்டு வெச்சிக்கிட்டன்.”

யாரும் தடுக்கவில்லை. ஹாஜியார் தன் சாய்மனைக் கதிரையின் கையை, விற்கப்போகிற மாட்டைத் தடவுவதுபோல் தடவிக்கொண்டிருந்தார். அவள் படியிறங்கினாள்.

கீழே ஒரு ஓட்டோ நின்றது. சுஹறா மாமி இறங்கிக்கொண்டிருந்தார். ஒரு கையில் சாப்பாட்டுக் கரியர், மறுகை அணைப்பில், ஆடும் காய்களோடு, புத்தம்புதிய கரம் போட்.

“எங்க புள்ள, பைய எல்லாம் தூக்கிட்டு?”

“வெப்சைட் முடிஞ்சிட்டு மாமி. லைவ்ல போட்டிட்டன்.” ஆறு பேருக்கும் சேர்த்து வைத்திருந்த கோபத்தை இவரிடம் காட்ட அவளுக்கு மனமில்லை. “நீங்க எவ்வளவோ உதவி செஞ்சீங்க. அவங்கதான் கடைசிவரைக்கும் முடிக்க விடல்ல. நான் போறன்.”

ஸலாம் சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீதியைக் கடந்தாள். பின்னால் கரம் போட் நிலத்தில் விழும் சத்தமும், அதைத் தொடர்ந்து மாமியின் அலறலும் கேட்டன:

“முடிக்கவா புள்ள ஒன்னக் கூப்பிட்ட? அந்த ஆறு பேரும் பகலைக்கு வீட்ட வராம இரிக்கத்தானே நாங்க ஆறு பொண்டுகளும் சேந்து ஒனக்குச் சம்பளம் தாறம்!”